மாதிரியை எங்கே வெட்டுவது?

ஏற்காடு கோடை விழா நெரிசலைச் சமாளிக்க, காவல்துறை, நெடுஞ்சாலைத்துறை, ஊராட்சி ஒன்றியம் மூன்றும் தனித்தனி சிமுலேஷன் (போக்குவரத்தைக் கணினியில் நடத்திப் பார்க்கும் மாதிரி) ஓட்டி இணையத்தில் இணைக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. அருமையான யோசனை. ஆனால் மாதிரியை எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அடிவாரம் ஒரு கணினி, மலை உச்சி ஒரு கணினி என்று பிரித்தால், ஒரு வண்டி ஏற 20 நிமிடமாவது பிடிக்கும் என வைத்துக்கொள்ளலாம். கீழே இப்போது கிளம்பும் வண்டி அதற்கு முன் மேலே வராது என்பதால், மேலே உள்ள கணினி கீழே உள்ள கணினிக்காகக் காத்திராமல் அந்த 20 நிமிடம் முன்னே ஓடலாம். இதுதான் லுக்அஹெட். 20 கொண்டை ஊசி வளைவுக்கும் தனித்தனிக் கணினி வைத்தால் அது சராசரியாக ஒரு நிமிடமாகச் சுருங்கி, வெறும் நேரத்தை மட்டும் சொல்லும் 'null' (வெற்று) மெசேஜ்களே நெட்டை அடைத்துவிடும்.

பலர் கோட்டை விடுவது திரும்பி வரும் தகவலில். 'ஏரி பார்க்கிங் நிரம்பிவிட்டது' என்பது அதே கணத்தில் அடிவாரச் செக்போஸ்ட்டுக்குப் போவதாக எழுதினால் லுக்அஹெட் பூஜ்யம். கீழ் கணினி மேல் கணினியைத் தாண்டி ஒரு நொடிகூட நகராது. வயர்லெஸ்ஸில் சொல்லிச் செயல்படுத்த 2 நிமிடம் என்று வையுங்கள். நிஜத்திலும் அதற்குச் சற்று நேரம் பிடிக்கத்தான் செய்யும்.

சிமுலேஷனின் கடிகாரத்தை பிரவுசரில் ஓட்டாதீர்கள். பின்னால் கிடக்கும் டேபின் டைமரை பிரவுசரே மந்தமாக்கிவிடும். கணக்கெல்லாம் சர்வரில் நடக்கட்டும். ஆட்சியர் கூட்டத்துக்கு ஒரே ஓட்டத்தின் படத்தை எடுத்துப் போகவும் வேண்டாம். வெவ்வேறு ரேண்டம் சீடில் (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) 30 முறையாவது ஓட்டி, வரிசை நீளத்தின் சராசரியோடு அதன் வீச்சையும் காட்டுங்கள்.