கரைப்பது சுலபம், கழிவுநீர்தான் பிரச்சினை

சிட்ரிக் அமிலத்தில் கரைத்தால் பேட்டரி மறுசுழற்சியில் கழிவே மிஞ்சாது என்று இந்தக் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. போன் பேட்டரியின் கருந்தூளுக்கு (உள்ளே இருக்கும், லித்தியமும் கோபால்ட்டும் கலந்த கறுப்புப் பொடி) வழக்கமான அளவு: லிட்டருக்கு 240 கிராம் சிட்ரிக் அமிலம், 1 சதவீதம் ஹைட்ரஜன் பெராக்சைடு, 20 கிராம் தூள், 90 டிகிரி. அரை மணியில் லித்தியம் அனேகமாக முழுதும், கோபால்ட் 90 சதவீதத்துக்கு மேலும் கரைந்துவிடும், சரி. ஆனால் கணக்கைப் பாருங்கள், ஒரு கிலோ தூளுக்கு 12 கிலோ அமிலம்! அந்தக் கரைசலின் சிஓடி, அதாவது அதிலுள்ள கரிமக் கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் அளவு, லிட்டருக்குச் சுமார் 1,80,000 மில்லிகிராம். வெளியே விட அனுமதி லிட்டருக்கு 250 மில்லிகிராம்தான். கும்மிடிப்பூண்டி, தடா பக்கம் இதை ஓடையில் விட்டால் பழவேற்காடு ஏரி என்ன ஆகும்? மேலே கருத்து எழுதிய ஒருவர், சிட்ரிக் அமிலத்துக்குப் பதில் கூடூர் எலுமிச்சைச் சாறே போதாதா என்கிறார். போதாது; அதில் அமிலம் லிட்டருக்கு 50 கிராம் அளவுதான், சர்க்கரையும் சக்கையும் வேறு வடிகட்டியை அடைக்கும். கரைந்த உலோகங்களைப் பிரிப்பதும் லேசில்லை. சிட்ரேட் கோபால்ட்டை இறுகப் பிடித்துக்கொள்வதால் காஸ்டிக் சோடா விட்டாலும் ஒழுங்காகப் படியாது. ஆக்சாலிக் அமிலம் விட்டு இளஞ்சிவப்பு ஆக்சலேட்டாகத்தான் கோபால்ட்டைப் படிய வைக்க வேண்டும். தூள் பூசியிருக்கும் அலுமினியத் தகட்டை முன்னாடியே உரித்தெடுக்காவிட்டால் அதுவும் கரைசலில் சேர்ந்துகொள்ளும். கடைசியில் சோடியம் கார்பனேட் போட்டு லித்தியம் எடுக்கும்போது 90 டிகிரிக்கு மேல் வைத்து, சூடாகவே வடிகட்டி, வெந்நீரில் கழுவ வேண்டும்: லித்தியம் கார்பனேட் 20 டிகிரி நீரில் லிட்டருக்கு 13 கிராம் கரையும், கொதிநீரில் 7 கிராம்தான். பச்சைத் தண்ணீரில் கழுவினால் எடுத்த சரக்கே போய்விடும்.