சேடி ஓடிப்போகவில்லை

சனிக்கிழமை வாசிப்புக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன், முடியவில்லை.

"ஓடிப்போன பொண்ணு கதை. அதுக்கும் முடிவு இல்லை." கோர்ட்னி சம்மர்ஸின் 'சேடி' நாவலைப் பற்றி கூட்டத்தில் ஒரு அண்ணன் சொன்னது அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள்.

சேடி ஓடிப்போகவில்லை அண்ணா. 19 வயதுப் பெண், தான் தூக்கி வளர்த்த 13 வயதுத் தங்கையைக் கொன்றவனைத் தேடிப் போகிறாள். பேச்சு திக்கும். ஒரு பெயரைச் சொல்லி விசாரிப்பதற்குள் எதிரில் நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார். இருந்தும் ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டே போகிறாள். இதற்குப் பெயர் ஓடிப்போவதா?

அவளைத் தேடச் சொல்லிக் கெஞ்சியது மே பெத் என்ற பாட்டி மட்டும்தான். வெஸ்ட் மெக்ரே என்ற வானொலிக்காரரும் முதலில், பெண்பிள்ளைகள் காணாமல் போவது தினம் நடப்பதுதானே என்றுதான் நினைக்கிறார். ஒரு அத்தியாயத்தில் சேடி பேசுகிறாள், அடுத்ததில் அவளைத் தேடிப் போகும் அவருடைய பாட்காஸ்ட். அவர் போய்ச் சேரும் இடத்தைவிட்டு அவள் எப்போதோ கிளம்பியிருப்பாள். நமக்கு அது தெரியும், அவருக்குத் தெரியாது. அந்தத் தவிப்புதான் நாவலே.

"சின்னப் பிள்ளைகள் படிக்கிறது" என்பவர்களுக்கு: மர்மக் கதைகளுக்கு அமெரிக்காவில் தரும் எட்கர் விருதை, 2019-ல் இளையோர் நாவல் பிரிவில் வாங்கியது. அதற்கு மேல் இதற்குப் பதில் கிடையாது.

மர்மக் கதைக்கு விடை வேண்டாமா என்றால், வேண்டும்தான். கொன்றவன் யார் என்பதற்கு விடை இருக்கிறது. சேடி என்ன ஆனாள் என்பதற்குத்தான் இல்லை.

நான் பத்தாவது படிக்கும்போது என் பெஞ்சில் உட்கார்ந்தவள் ஒரு நாள் பள்ளிக்கு வரவில்லை. "ஓடிப்போயிருப்பா, ரெண்டு நாள்ல வந்துருவா" என்று சொல்லி அவள் அம்மாவை ஸ்டேஷனிலிருந்து அனுப்பிவிட்டார்கள். புகாரைக்கூட எழுதிக்கொள்ளவில்லை. (குழந்தை காணோம் என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2013-ல். இது அதற்கு முன்பு.) அந்த அம்மா வகுப்பு போட்டோவில் மகள் முகத்தை மட்டும் வெட்டி, ஜெராக்ஸ் எடுத்து, வீடு வீடாகக் கொடுத்தார். என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார். ஓரத்தில் யாருடைய தோளோ, பின்னலில் கட்டிய ரிப்பனோ கறுப்பாகத் தெரிந்தது. அது நான்தான்.

எங்கள் தெருவும் "ஓடிப்போனவள்" என்றுதான் சொன்னது. யாரோடு என்று பெயர்கூட வைத்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

அவள் இன்றுவரை வரவில்லை. முடிவில்லாத கதை சரியில்லை என்று அந்த அம்மாவிடம் போய்ச் சொல்வீர்களா அண்ணா?

அந்த ஜெராக்ஸ் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. வருகிற சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.