அது யார் என்று கேட்காதீர்கள்

மலையாளத்தின் முதல் கதைப்படத்தில் கதாநாயகியாக நடித்த பெண், தன் பிற்கால வாழ்க்கையை எங்கள் நாகர்கோவிலில் ராஜம்மாள் என்ற பெயரில் கழித்தார். இது இந்த மாவட்டத்திலேயே பலருக்குத் தெரியாது. திரையில் அவர் பெயர் பி.கே.ரோசி. படம் 'விகதகுமாரன்'. எடுத்தவர் ஜே.சி.டேனியல், நம் அகஸ்தீஸ்வரத்துக்காரர்.

ரோசி தலித் பெண். புல் அறுத்துப் பிழைத்தவர், காக்காரிசி என்ற நாட்டுப்புற நாடகங்களில் நடித்துப் பழகியவர். டேனியல் அவருக்குக் கொடுத்த வேடம் ஒரு நாயர் பெண்ணுடையது. திருவனந்தபுரம் கேப்பிடல் திரையரங்கில் படம் திரையிடப்பட்டபோது, நடித்தவள் யார், எந்தச் சாதி என்று தெரிந்துகொண்ட கூட்டம் திரையின்மேல் கல் எறிந்தது. கதாநாயகன் அவர் கூந்தலில் இருந்த பூவை முத்தமிடும் காட்சியில்தான் ஆத்திரம் மூண்டது என்று சொல்வார்கள். அதோடு விடவில்லை. அவர் குடிசையையும் கொளுத்தினார்கள். தமிழ்நாட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு லாரியில் ஏறித் தப்பிய ரோசி, அந்த ஓட்டுநரையே மணந்துகொண்டு இங்கே குடித்தனம் நடத்தினார். தான் நடிகையாக இருந்ததைப் பற்றிப் பெற்ற பிள்ளைகளிடம்கூட அதிகம் பேசியதில்லை. எத்தனையோ பேர் முகம் தெரிய வேண்டும் என்பதற்காகவே சினிமாவுக்குப் போகிறார்கள். இவர் முகம் தெரிந்துவிட்டதே என்று ஆயுள் முழுக்கப் பயந்து வாழ்ந்திருக்கிறார். அந்தத் திரையரங்கில் இருந்தவர்களைத் தவிர வேறு யாரை நான் இதற்குக் குற்றம் சொல்வது?

டேனியலின் கதை வேறு வகைக் கொடுமை. சொந்த நிலத்தை விற்றுப் படம் எடுத்தார். படம் விழுந்தது, ஸ்டுடியோ கையை விட்டுப் போனது. பிறகு பல் மருத்துவம் பார்த்துப் பிழைத்தார். முதுமையில் வறுமை. நலிந்த கலைஞர்களுக்கான உதவித்தொகை கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டில் இருப்பவர் என்று கேரள அரசு கையை விரித்தது. 1975-இல் இறந்தார். 1992 முதல் அதே கேரளத்தில் அவர் பெயரில் விருது கொடுக்கிறார்கள். செத்தவருக்கு மாலை போடுவதில் நாம் யாரும் குறை வைத்ததில்லை.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் பகுதியிலிருந்து போன ஒரு பெண் ஒன்றிரண்டு படங்களில் சின்ன வேடங்களில் நடித்திருக்கிறாள். பெரிய பணம் ஒன்றும் வந்துவிடவில்லை. சென்னையில் இன்னும் மூன்று பெண்களோடு ஒரே அறையில்தான் இருக்கிறாள். சில மாதங்களுக்கு முன் ஒரு யூடியூப் சேனல் அவள் படத்தை வைத்து, ஒரு துணை இயக்குநரோடு இணைத்து, வாய்க்கு வந்ததைப் பேசி ஒரு வீடியோ போட்டது. அந்த வீடியோவைவிட என்னை நடுங்க வைத்தது ஊர்தான். அவள் அம்மா வடசேரிச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போன இடத்தில், தெரிந்த பெண்மணி ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாமே, சொல்லவே இல்லையே" என்று கேட்டிருக்கிறார். குரலில் எவ்வளவு அன்பு! அந்த அம்மா இப்போது சந்தைக்குப் போவதில்லை. கோயில் கொடைக்கும் வரவில்லை. காய்கறி வாங்க அவள் தம்பியை அனுப்புகிறார்.

அந்தச் சேனல்காரன் பிழைப்புக்காகப் பேசினான் என்றே வைத்துக்கொள்வோம். பார்த்தவர்களுக்கு என்ன வந்தது?

நம் ஒழுகினசேரியில் பிறந்த கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனை நினைத்துப் பாருங்கள். வில்லுப்பாட்டும் நாடகமுமாக வளர்ந்து, தமிழ்நாட்டையே சிரிக்க வைத்தவர். 1940-களில் சென்னையில் லட்சுமிகாந்தன் என்பவர் 'சினிமா தூது' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று சொல்லி எதையாவது எழுதுவது, எழுதாமல் இருக்கக் காசு வாங்குவது, இதுதான் தொழில். கலைவாணரும் தியாகராஜ பாகவதரும் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடுவும் கவர்னரிடம் முறையிட்டு அதன் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் 'இந்து நேசன்' என்ற வேறு பெயரில் அதே வேலையைத் தொடர்ந்தார். 1944 நவம்பரில் வேப்பேரியில் அவர் கத்தியால் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். கொலைச் சதி வழக்கில் மூவரும் சிக்கினார்கள். நாயுடு விடுதலையானார். பாகவதருக்கும் கலைவாணருக்கும் ஆயுள் தண்டனை. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947-இல்தான் குற்றமற்றவர்களாக வெளியே வந்தார்கள்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் யார் கொன்றார்கள் என்ற மர்மத்தையே எல்லோரும் நோண்டுகிறார்கள். எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பத்திரிகை எப்படி விற்றது? காசு கொடுத்து வாங்கியவர்கள் யார்? 1944 தீபாவளிக்கு வெளியான 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது என்று இன்றும் பெருமையாகச் சொல்கிறோம். அதில் நடித்த பாகவதரும் கலைவாணரும் அந்தக் காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தார்கள். திரையில் அவர்களைப் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் மஞ்சள் பத்திரிகையையும் மடியில் மறைத்து எடுத்துப் போய்ப் படித்திருப்பார்கள்! சிறையிலிருந்து வந்த பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. கலைவாணர் மறுபடியும் எழுந்து நின்றார், படம் எடுத்தார், சம்பாதித்ததை வாரிக் கொடுத்தார். ஆனாலும் 49 வயதை எட்டும் முன்பே, 1957 ஆகஸ்டில் போய்விட்டார். சிறையில் போன அந்த ஆண்டுகளை யார் திருப்பிக் கொடுத்தார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. தலைவன் என்று கொண்டாடுகிறோமே, அதுவும் இதே நோய்தான் என்று நினைக்கிறேன். 2023 ஜனவரியில் சென்னையில் ஓர் இளைஞர் படம் வெளியான கொண்டாட்டத்தில் லாரியிலிருந்து குதித்து உயிரை விட்டார். அதன்பின் தமிழ்நாட்டில் அதிகாலைக் காட்சிகள் நின்றன. எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் என்ன செய்தார்கள்? களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம், அங்கே நாலு மணிக் காட்சி உண்டு. நள்ளிரவில் ஒரு பைக்கில் மூன்று பேராகப் பறந்தார்கள். என் அண்ணன் மகனும் அதில் ஒருவன். "அத்தை, ஒரு நாள்தானே" என்றான். மக்களே, 2024 டிசம்பரில் ஹைதராபாத்தில் ஒரு தாய் தன் மகனோடு சிறப்புக் காட்சிக்குப் போனதும் ஒரு நாள்தான். நடிகர் வந்த நெரிசலில் அவர் திரும்பவே இல்லை. அவரைப் பெயர் சொல்லி நினைப்பவர்கள் எத்தனை பேர்? நடிகர் கைதானார், ஜாமீனில் வந்தார் என்பதுதான் எல்லோருக்கும் ஞாபகம்.

சினிமாவுக்கு வந்துவிட்டால் இதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும், கோடி கோடியாக வாங்குகிறார்களே என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. கோடி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். மற்றவர்களின் நிலை என்ன என்பதை, மலையாளத் திரையுலகில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கையில் படியுங்கள். 2019-இல் அரசிடம் கொடுக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில்தான், அதுவும் பகுதிகள் நீக்கப்பட்டு வெளியானது. படப்பிடிப்பு இடங்களில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடம் இல்லை, எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை, வாய்ப்புக்காக உடலைக் கேட்கிறார்கள் என்று அதில் இருந்தது. கழிப்பறை இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே நாள் முழுக்க நிற்கிறார்கள். இதைப் படித்துவிட்டு நான் தெரிந்தவர்களிடம் பேசப் போனால், பத்தில் ஒன்பது பேர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த நடிகர் யாராம்?" கழிப்பறையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

குற்றம் செய்தவன் பெயர் வெளியே வர வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அதற்குப் போலீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, அங்கே அந்தப் பெண்களுக்குத் துணையாக நிற்க வேண்டும். ஆனால் நம் கேள்வி நீதிக்காக எழுவதில்லை. பெயர் கிடைத்ததும் நாவு அடங்கிவிடுகிறது, வழக்கு என்ன ஆனது என்று கேட்க ஆள் இல்லை. பெயர் கிடைக்காவிட்டால் நாமே ஒரு பெயரை வைத்துவிடுகிறோம். பத்திரிகைகள் பல காலமாக நமக்கு இதைப் பழக்கிவிட்டன. "மூன்றெழுத்து நடிகை", "உச்ச நடிகர்" என்று அடையாளத்தை மட்டும் கொடுத்துவிட்டு, மிச்சத்தை வாசகரே நிரப்பிக்கொள்ள விடும் கிசுகிசுப் பத்திகளைப் படித்து வளர்ந்த தலைமுறை நாம். இப்போது அது கைப்பேசிக்கு வந்துவிட்டது. ஒரு மரண வீட்டுக்கு நடிகர் வந்தால் அழுகிற முகத்துக்கு அருகே பத்துக் கைப்பேசிகள் நீள்கின்றன. அந்த வீடியோவை ஓடவிடுகிறவர்கள் நாம்தான். நாம் தொடாமல் விட்டால், அடுத்த வாரமே அதை எடுக்க ஆள் வராது. ஒவ்வொரு பார்வைக்கும் அவனுக்குக் காசு.

என் அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். அந்தச் சேனலைப் பின்தொடர்வதை நிறுத்திவிட்டான். அவன் நண்பர்கள் இன்னும் நிறுத்தவில்லை, பேசிப் பார்க்கிறேன் என்கிறான்.

ஒரு வேண்டுகோள். இந்தப் பதிவில் நான் சொன்ன எங்கள் ஊர்ப் பெண் யார் என்று யாரும் கீழே கேட்க வேண்டாம், ஊகித்துப் பெயர் எழுதவும் வேண்டாம். உள்பெட்டிக்கு வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன். எழுதப்படும் பெயர் சரியோ தவறோ, பார்த்த உடனே நீக்கிவிடுவேன், எழுதியவர் எனக்கு எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.