கோப்ராவில் உடனே சேரத்தான் வேண்டுமா?

அமெரிக்காவில் வேலை மாறுகிறவர்கள் இடைப்பட்ட வாரங்களுக்காக பழைய நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் தொடர உரிமை தரும் கோப்ரா சட்டத்தின்கீழ் உடனே சேர்ந்துவிட வேண்டும் என்று ஒரு கட்டுரையாளர் கூறுவது எல்லோருக்கும் பொருந்தாது. 20 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் அச்சட்டம், முடிவெடுக்கக் குறைந்தது 60 நாள் அவகாசம் தருகிறது. அதற்குள் சேர்ந்து, நிலுவைத் தவணைகளையும் உரிய காலத்தில் செலுத்திவிட்டால், பழைய காப்பீடு முடிந்த நாளிலிருந்தே பாதுகாப்பு தொடர்ந்ததாகக் கொள்ளப்படும். ஆகவே, புதிய நிறுவனத்தின் காப்பீடு ஒரு மாதத்தில் தொடங்குவது உறுதியானால், இந்த உரிமையைத் தெரிவிக்கும் அறிவிப்புக் கடிதத்தைப் பத்திரப்படுத்திக்கொண்டு காத்திருப்பதில் தவறில்லை. நிறுவனம் செலுத்திவந்த பங்கும் சேர்ந்த முழுத் தவணையோடு 2 சதவீதம் வரை நிர்வாகக் கட்டணத்தையும் நாமே சுமக்க நேரும் என்பதால் (முன்பு சம்பளத்தில் பிடித்த தொகை எவ்வளவு சிறியது என்பது அப்போதுதான் புரியும்) இந்தப் பொறுமைக்குப் பயனுண்டு. தொடர் சிகிச்சையில் இருப்போர் மட்டும் இதை முயல வேண்டாம். சேரும்வரை மருந்தகம் கையிலிருந்தே பணம் கேட்கும்.