இடியுங்கள், ஆனால் அளந்துவிட்டு இடியுங்கள்

பழையபேட்டைப் பக்கம் மரம் அறுத்து விற்ற அந்தப் பழைய மரவாடி கைமாறிவிட்டதாம். கல்யாண மண்டபம் வரப்போகிறது என்கிறார்கள். வரட்டும். முகூர்த்த நாளில் கிருஷ்ணகிரியில் மண்டபம் பிடிக்க என்ன பாடு என்று எல்லோருக்கும் தெரியும். பாரம்பரியத்தைக் காப்போம் என்று பேனர் பிடிக்க நான் வரவில்லை. தொழிலே போன பிறகு கொட்டகையை வைத்துக்கொண்டு உரிமையாளர் என்ன செய்வார், வௌவாலுக்கு வாடகைக்கு விடுவாரா? ஒரு டேப்பைக்கூட அதன்மேல் வைத்துப் பார்க்காமல் ஜேசிபியை விடப்போகிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மலைமேல் இருக்கும் கோட்டைக்குத் தொல்லியல் துறை இருக்கிறது. நடுகல் கிடைத்தால் ஓடிவர ஆர்வலர்கள் இருக்கிறார்கள், கொண்டுவந்து வைக்க அருங்காட்சியகம் இருக்கிறது. இந்த ஊர் வீடுகளுக்குத் தூலமும் நிலையும் கொடுத்த இடத்துக்கு யாரும் இல்லை.

கொஞ்சம் நின்று அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். மூன்று பக்கம்தான் சுவர், எல்லாம் கருங்கல். முன்பக்கம் வெறும் கல் தூண்கள். இருபதடி மரத்தை உருட்டிவந்து திருப்ப வேண்டுமென்றால் அங்கே சுவர் எழுப்ப முடியாது. மேலே மங்களூர் ஓடு, கூரை நல்ல உயரம். அறுத்த பலகை நிழலில் காற்றாடக் காய வேண்டும். வெயில் பட்டால் முறுக்கிக்கொள்ளும், வெடிப்பும் விடும். பின்னால் ஒரு நீளப் பள்ளம் குப்பையால் தூர்ந்து கிடக்கிறது. அதுதான் அறுப்புக் குழி. மெஷின் வருவதற்கு முன் குழிக்குக் குறுக்கே மரத்தைப் போட்டு, நூல் அடித்து, ஒருவர் மேலேயும் ஒருவர் குழிக்குள்ளேயும் நின்று நீள ரம்பத்தை இழுப்பார்கள். மேலே நிற்பவர் கோடு பார்த்து ஓட்டுவார். கீழே இருப்பவருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தூள்தான்.

அந்தத் தூளும் வீணாகவில்லை. தகர அடுப்பின் நடுவே ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இறுக்கி அடைத்து, பாட்டிலை அலுங்காமல் உருவிவிட்டுக் கீழ்வாயில் தீ வைத்தால் வெகுநேரம் நின்று எரியும். சரியாக இறுக்காவிட்டால் பாதியில் பொலபொலவென்று சரிந்து வீடு முழுக்கப் புகை. கேஸ் வராத காலத்தில் பல வீடுகளில் இதுதான் சமையல்.

முன்தூண் ஒன்றில் பெயின்டால் எழுதிய எண்கள் இன்னும் தெரிகின்றன. சுற்றளவு 5, நீளம் 8, அதற்குப் பக்கத்தில் 12½. மரவாடிக் கணக்கு அது. சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் கன அடி. பள்ளிக்கூடக் கணக்குப்படி அதே மரம் கிட்டத்தட்ட 16 கன அடி வரும். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே எங்கே போயிற்று என்று கேட்டால், பட்டைக்கும் புறக்கட்டைக்கும் தூளுக்கும் போயிற்று என்பார்கள். வாங்குபவரும் விற்பவரும் தகராறில்லாமல் ஒத்துக்கொண்ட கணக்கு. அந்தத் தூணும் போகப்போகிறது.

வண்டிக்குக் கருவேலம், கறிக்கடைக் கட்டைக்குப் புளி, கதவுக்கு வேங்கை, கை சுருங்கியவர்களுக்கு வேம்பு, மாம்பழப் பெட்டிக்குக் காய்ப்பு நின்ற மாமரம். இந்த வட்டாரத்தில் எது விளைந்தது, யார் எதை வாங்க முடிந்தது என்பதெல்லாம் இந்த வரிசையிலேயே இருக்கிறது. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குக் குட்டி ரயில் விட்டார்கள், பஞ்ச காலத்துக்கு உதவும் என்று. 1941-ல் அதை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் மரம் வந்துபோக மாட்டு வண்டியும் லாரியும்தான். மாவட்டத் தலைநகராகி இருபது வருஷம் தாண்டியும் ஊருக்கு ரயில் வரவில்லை, அது தனிக் கதை.

தொழில் எப்படிப் படுத்தது என்று ரொம்ப ஆராய வேண்டாம். 1996 டிசம்பரில், காடுகளைக் காப்பது பற்றிய கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு அறுப்பு மில்லுக்கு உரிமம் கிடைப்பது கஷ்டமாயிற்று. காட்டுக்கு அது நல்லதே. இன்னொரு பக்கம் ஸ்டீல் ஜன்னல், பிளைவுட், வெளிநாட்டு மரம். மாம்பழமும் பிளாஸ்டிக் கிரேட்டுக்குப் போய்விட்டது.

இந்த மண்ணில் மரக் கதையை வெறும் வாசனையாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. 1992-ல் சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்தி என்ற பழங்குடிக் கிராமத்துக்குள் நுழைந்து மக்களைக் கொடுமைப்படுத்தியவர்கள் அரசு ஊழியர்கள். அப்போது நாமும் அதே தர்மபுரி மாவட்டம்தான். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வர 2011 ஆயிற்று. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல். மரவாடியைப் பற்றி எழுதுகிறவர் பர்மிட், வனத்துறை மரத்தில் அடிக்கும் முத்திரைச் சுத்தியல், ராத்திரி லாரி எல்லாவற்றையும் சேர்த்தே எழுத வேண்டும். பழைய அளவுப் புத்தகங்கள் யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

உத்திரங்களை விலை பேச பெங்களூர்ப் பக்கமிருந்து ஆள் வந்துபோயிற்றாம், ரிசார்ட்டுக்காக. விற்கட்டும். அதற்கு முன் எந்த உத்திரம் எங்கே இருந்தது என்று ஒரு வரைபடம் போதும். சிவில் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர், ஒரு ஏணி, நீள டேப், செல்போன் கேமரா, ஒரு காலைப்பொழுது. உரிமையாளரிடம் பேசிவிட்டேன். "தாராளமா அளந்துக்கங்க தம்பி, மாசக் கடைசிக்குள்ள முடிச்சிடுங்க" என்றார். இந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு வரக்கூடியவர்கள் சொல்லுங்கள். குழியைத் தூர்வார இரண்டு மண்வெட்டியும் வேண்டும்.