வண்டியை உயர்த்துவதற்கு முன்

புரட்டாசியில் இசுசு வி-கிராஸ் பிக்கப் எடுத்தேன். வண்டி வாசலுக்கு வந்த நாளில், பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது "எத்தனை இஞ்ச் லிஃப்ட் பண்ணப் போறீங்க?" என்பதுதான். மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து, மெக்கானிக்குகளிடம் விசாரித்து, கணக்கும் போட்டுப் பார்த்த பிறகு, இந்த ஆண்டு வண்டியை உயர்த்துவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். டயர், காற்று, சிக்கிக்கொண்டால் வண்டியை இழுப்பதற்கான கொக்கிகள் ஆகிய மூன்றுக்கும்தான் முதல் பணம். புதிதாகப் பிக்கப் எடுத்தவர்கள் பலர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துச் செலவழிப்பதைப் பார்க்கிறேன். அதனால்தான் காரணங்களை விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் நிலம் விளாத்திகுளம் பக்கம், கரிசல் காட்டில் இருக்கிறது. தார்ச்சாலையை விட்டு இறங்கினால் நான்கு கிலோமீட்டர் வண்டிப்பாதை, நடுவே ஓர் ஓடை. கோடையில் அந்தப் பாதையில் சாதாரணக் காரே போய் வந்துவிடும். ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்து வெறித்த காலையில், நான்கு சக்கர இழுவை இருக்கிறதே என்ற தைரியத்தில் இறங்கினேன். முந்நூறு அடிகூடப் போகவில்லை. ஈரக் கரிசல் டயரின் பள்ளங்களை அடைத்து, அதன் மேல் அடுக்கடுக்காக அப்பி, நான்கு டயர்களும் வழவழப்பான கறுப்பு உருளைகளைப் போல ஆகிவிட்டன. இறங்கிப் பார்த்தால், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழைய இடமில்லாமல் மண் கெட்டித்திருந்தது. கம்பால் குத்திக் குத்தி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. எடுத்துவிட்டு நகர்த்தினால் பத்தடியில் மறுபடியும் அதே கதை.

பக்கத்துக் காட்டுக்காரர் டிராக்டரைக் கொண்டுவந்தார். இரும்புச் சங்கிலியைப் பின்பம்பரில் மாட்டப் போனவரைத் தடுத்து, வேறு இடம் தேடியபோதுதான் என் வண்டியில் நம்பி இழுப்பதற்கென்று ஓர் இடம் இல்லை என்பதைப் புரிந்துகொண்டேன். முன்னால் இருந்த கொக்கி, பழுதான வண்டியை நல்ல சாலையில் மெதுவாக, நேராக இழுத்துச் செல்வதற்குத்தான் ஆகும். சேற்றில் புதைந்த இரண்டு டன் வண்டியை வெட்டி இழுக்கும் வேகத்தைத் தாங்கும் என்று அதை நம்ப முடியாது. வேறு வழியின்றி அதில்தான் மாட்டினோம். அவர் பொறுமையாக இழுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு அந்தச் சங்கிலி அறுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அதனால் முதல் செலவு, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கும், எத்தனை டன் தாங்கும் என்று அச்சிட்ட மீட்புக் கொக்கிகள். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. அவற்றோடு நீண்டு சுருங்கும் தன்மையுள்ள கைனடிக் கயிறு, கொக்கியையும் கயிற்றையும் இணைக்க, இரும்புக்குப் பதிலாகக் கயிற்றாலான சாஃப்ட் ஷாக்கிள் வளையங்கள் இரண்டு, அறுந்தால் பாயாமல் அடக்கக் கயிற்றின் மேல் போட ஒரு கனத்த போர்வை. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி இழுப்பதைப் பலர் செய்கிறார்கள். அதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அந்த உருண்டை முறிந்து குண்டுபோலப் பாய்ந்து உயிரைப் பறித்த விபத்துகள் நடந்திருக்கின்றன. இழுக்கும்போது கயிற்றின் நீளத்தைவிட அதிகத் தூரத்தில் மற்றவர்கள் நிற்க வேண்டும்.

இரண்டாவது டயர். என் வண்டியில் வந்தது 255/60 ஆர்18 (அகலம் மில்லிமீட்டரில், பக்கச் சுவர் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம், ரிம்மின் விட்டம் இஞ்சில்). அந்த எண்களைக் கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் சுமார் 763 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் 153 மில்லிமீட்டர். 17 இஞ்ச் ரிம்முக்கு மாறி 265/70 ஆர்17 போட்டால் உயரம் சுமார் 803, பக்கச் சுவர் 185 மில்லிமீட்டருக்கு மேல். ரிம் சிறிதாகி ரப்பர் பெரிதாகும் இந்த மாற்றம் பார்வைக்கு எடுப்பாக இருக்காது என்று சிலர் சொல்வார்கள். கல்லிலும் மணலிலும் வண்டியைக் காப்பாற்றுவது அந்த ரப்பர்தான். ஆனால் என் கரிசலுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது: டயர் பெரிதானால் மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே உள்ள இடைவெளி குறையும், மண் இன்னும் சீக்கிரம் அடைக்கும். தவிர, உயரம் ஐந்து சதவீதம் கூடுவதால் மீட்டர் நூறு காட்டும்போது வண்டி உண்மையில் நூற்றைந்தில் போகும். எனவே முதலில் இப்போதுள்ள ரிம்மிலேயே, ஏறத்தாழ இதே அளவில், சாலைக்கும் காட்டுப்பாதைக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் வகை டயர் போட்டு ஒரு மழைக்காலத்தைப் பார்ப்பது என்று தீர்மானித்திருக்கிறேன்.

மூன்றாவது காற்று. இதற்கு ஆகும் செலவு காற்றடிக்க ஒரு நல்ல கம்ப்ரஸரும் அழுத்தத்தை அளக்க ஒரு கேஜும்தான். கிடைக்கும் பலனோ பெரிது. சாலையில் 32 பி.எஸ்.ஐ. காற்றழுத்தத்தில் ஓடும் டயரை மணலில் 18க்கு இறக்கினால், தரையில் படியும் பகுதி நீண்டு, எடை பரவி, புதையும் சக்கரம் மிதக்கத் தொடங்கும். திருச்செந்தூர்ப் பக்கத்துச் செம்மண் தேரியை ஒட்டி உறவினர் ஒருவருக்குத் தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரே மணல் மேட்டில் முழுக் காற்றோடு மூன்று முறை முயன்று தோற்று, காற்றை இறக்கிவிட்டு அரை ஆக்ஸிலரேட்டரில் ஏறினேன். வண்டியில் வேறெதையும் மாற்றவில்லை. திரும்பித் தார்ச்சாலை ஏறுவதற்கு முன் காற்றை நிரப்பியாக வேண்டும்; காற்றுக் குறைந்த டயரோடு வேகம் போனால் டயர் சூடேறி வெடிக்கும்.

இனி லிஃப்ட். பிக்கப்பின் பின்பக்கம் இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே அச்சு. அதன் நடுவில் தொங்கும், இன்ஜினின் சுழற்சியை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்தான் பெரும்பாலும் கல்லில் இடிக்கிறது. ஸ்பிரிங்கை மாற்றி இரண்டு இஞ்ச் உயர்த்தினால் பாடியும் சேஸிஸும் உயரும், அந்த டிஃபரன்ஷியல் இருந்த இடத்திலேயே இருக்கும். அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் கூடிய உயரத்தில் பாதி. மேலே சொன்ன 40 மில்லிமீட்டர் பெரிய டயர் போட்டாலும் அச்சுக்குக் கிடைப்பது 20தான். முன்பக்கம் ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே இயங்குவதால், உயர்த்த உயர்த்த, அவற்றைச் சுழற்றும் டிரைவ் ஷாஃப்டுகள் அதிகமாகச் சாய்கின்றன. ஷாஃப்டுகளின் ரப்பர் உறைகள் கிழிந்து, கிரீஸ் வெளியேறி, மண் புகுந்து ஜாயின்ட் தேயும். இரண்டு இஞ்சுக்கு மேல் போனால் சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் மேற்புறக் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டிவரும். எடைமையம் உயர்வதால் மலை வளைவில் வண்டி அதிகம் சாயும். கல் நிறைந்த பாதையில் அடிக்கடி ஓட்டுபவர்களுக்கு லிஃப்ட் நியாயமான தேவை. எனக்கு அந்தத் தேவை வரும் நாளில் செய்துகொள்வேன். அதுவரை இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் அடியில் ஒரு கனத்த தகடு போதும்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். காலித் தொட்டியோடு ஓடும் பிக்கப்பின் பின்புறம் ஏற்கெனவே குதிக்கிறது. பட்டை கூடினால் சக்கரம் தரையை விட்டு எழும்பும் நேரமும் கூடும், பிடிமானம் குறையும். எப்போதும் சுமை ஏற்றுபவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

ஓடை கடப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்கெல் குழாய் போட்டால் தண்ணீர்ப் பயமே இல்லை என்பது பாதி உண்மைதான். ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நண்பர் ஒருவரின் வண்டியில் ஆயிலை இறக்கியபோது, பால் கலந்த காபி நிறத்தில் வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதைத் தடுக்க, டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாயை ஒரு ரப்பர் டியூப் வைத்து இன்ஜின் அறையின் உயரம்வரை கொண்டுபோனால் போதும். ஸ்நார்கெலுக்கு முன் இதைச் செய்யுங்கள்.

சட்டத்தையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் தந்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. பம்பருக்கு முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிச் சட்டங்களான புல்பார்களின் மீது நடவடிக்கை எடுக்கும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதியது. மோதும்போது நசுங்க வேண்டிய முன்பகுதியை இரும்புக் கம்பி விறைப்பாக்கினால் ஏர்பேக் விரியும் நேரம் பிசகும்; குறுக்கே வருபவருக்கும் அது ஆபத்து. அபராதத்தைவிட இந்தக் காரணமே எனக்குப் பெரிதாகப் படுகிறது. எதைப் பொருத்தினாலும் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் தெரிவியுங்கள்.

மோட்டாரால் கயிற்றைச் சுருட்டி வண்டியை இழுக்கும் வின்ச் வாங்க ஆசை உண்டு. சுமையோடு சேர்த்து வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. சுமையோடு மூன்று டன் வரும் வண்டிக்குப் பத்தாயிரம் பவுண்டு அளவு. ஆனால் எங்கள் காட்டில் கட்டி இழுக்க உடைமரத்தைத் தவிர வேறு மரமில்லை. அதனால் அது அடுத்த ஆண்டுக்கு.

டயரை மட்டும் இன்னும் தேர்ந்தெடுக்கவில்லை. கடைக்காரர்கள் காட்டும் படங்கள் எல்லாம் பாறையிலும் மணலிலும் எடுத்தவை. ஈரக் கரிசல் அவற்றில் இல்லை. கோவில்பட்டி, விளாத்திகுளம், சாத்தூர்ப் பக்கம் மழைக்காலத்தில் பிக்கப் ஓட்டுபவர்கள் இருந்தால், எந்த டயர் ஓடும்போதே அப்பிய மண்ணைத் தானே உதறித் தள்ளுகிறது, அதற்கு எவ்வளவு காற்று வைக்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள். தை பிறந்ததும் வாங்குவதாக இருக்கிறேன்.