துரோகி என்று சொன்ன அண்ணைக்கு

(2019 டிசம்பர், பிரித்தானியப் பொதுத் தேர்தலுக்குச் சில நாள் முன், வடமேற்கு லண்டன் ஹரோவில் இருந்து)

சனிக்கிழமை மண்டபத்தில் நடந்தது உங்களில் பாதிப்பேருக்கு நேரே தெரியும். மீதிப்பேருக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். கொன்சர்வேட்டிவ் கட்சிக்கு வாக்குக் கேட்ட எங்கள் தமிழர் கூட்டத்தில், நான் எழும்பி அந்தக் கட்சியின் அறிக்கையில் ஒரு வசனத்தை முழுதாக வாசித்தேன். மைக்கை வாங்கிவிட்டார்கள். பின்வரிசையில் இருந்து ஒருவர் 'துரோகி' என்றார், நாலு பேர் கை தட்டினார்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். இன்று காலை கடைக்கு வந்த பெடியன் ஒருவன் "அண்ணை, அந்த வீடியோவில் நீங்கள்தானே?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தான். அதற்கு மேல் முடியவில்லை, எழுதுகிறேன்.

முதலில் அந்த வசனம். கொன்சர்வேட்டிவ் கட்சியின் தேர்தல் அறிக்கையில் இருந்து ஒரு துண்டை மஞ்சள் கோடு போட்டு எல்லோருக்கும் அனுப்பியிருக்கிறார்கள். 'இலங்கை', 'இரு நாட்டுத் தீர்வு' என்ற இரண்டும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. அதை வைத்துத்தான் "பொரிஸ் ஜோன்சன் எங்களுக்கு நாடு வாங்கித் தரப்போகிறார்" என்று மேடையில் கதைத்தார்கள். முழு வசனம் என்ன சொல்கிறது? சைப்ரஸ், இலங்கை, மத்திய கிழக்கு போன்ற மோதல் நடக்கும் அல்லது நடந்த இடங்களில் நல்லிணக்கமும் நீதியும் வர சர்வதேச முயற்சிகளை ஆதரிப்போம், அங்கே இரு நாட்டுத் தீர்வுக்கு எங்கள் ஆதரவு தொடரும் என்கிறது. அந்த 'அங்கே' மத்திய கிழக்கைக் குறிக்கிறது. இஸ்ரேல், பாலஸ்தீனம். நான் சொன்னது இவ்வளவுதான்.

'தொடரும்' என்ற சொல்லையாவது பாருங்கள். ஒன்று தொடர வேண்டுமென்றால் முன்பே இருந்திருக்க வேண்டும். இந்த நாட்டின் எந்த அரசாங்கம் இலங்கையில் இரண்டு நாடு வேண்டும் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறது? சைப்ரஸுக்குக்கூட இவர்கள் அப்படிச் சொன்னதில்லை. அங்கே இரண்டு இனமும் ஒரே கூட்டாட்சிக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் இவர்களுடைய நிலைப்பாடு. "இலங்கைத் தூதரகமே எதிர்ப்புக் கடிதம் எழுதிவிட்டது, அப்படியென்றால் உண்மைதானே" என்றும் ஒருவர் கேட்டார். தூதரகம் பயந்தால் அது எங்களுக்குக் கிடைத்த வாக்குறுதி ஆகிவிடுமா?

நம்ப ஆசைப்படும் மனசு எனக்கு விளங்குகிறது. கோத்தபாய இலங்கை ஜனாதிபதித் தேர்தலில் வென்று மூன்று வாரம்தான் ஆகிறது. அன்றிரவு என் வீட்டிலும் யாரும் சாப்பிடவில்லை. போன வெள்ளிக்கிழமை வெஸ்ட்மின்ஸ்டர் நீதிமன்றம் இங்கே இலங்கைத் தூதரகத்தில் இருந்த அந்தப் பிரிகேடியர் பிரியங்க பெர்னாண்டோவைக் குற்றவாளி என்று சொன்னபோது நான் கடையில் நின்று அழுதேன். எங்கள் ஆட்களைப் பார்த்துக் கழுத்தை அறுப்பேன் என்று சைகை காட்டியவன் அவன். ஆனால் அந்தத் தீர்ப்பை எந்தக் கட்சி வாங்கித் தந்தது? எங்கள் பிள்ளைகளே தனிப்பட்ட வழக்காகப் போட்டு, அலைந்து, விடாமல் நின்று வாங்கினார்கள். அந்தச் சந்தோஷத்தில் கூடிய கூட்டத்தில்தான் ஒரு கட்சிக்கு வாக்குக் கேட்டார்கள், கேள்வி கேட்டவனைத் துரோகி என்றார்கள்.

12ஆம் திகதி நான் போடப்போவது ஹரோ ஈஸ்ட் தொகுதிக்கான வாக்கு. நான் இருக்கும் இடத்துக்கு, என் தெருவுக்கு, என் கடைக்கு வருகிற சனத்துக்கு. இதைச் சொன்னால் ஊரை மறந்துவிட்டான் என்கிறார்கள். ஊரை மறந்தவன் அந்த அறிக்கையை எழுத்தெண்ணி ஏன் வாசிக்கப் போகிறான்?

எங்கள் தொகுதியில் போன முறை, 2017இல், வித்தியாசம் 1,757 வாக்கு. அதே தேர்தலில் கென்சிங்டனில் 20 வாக்கில் முடிவு மாறியது. ஸ்கொட்லாந்தில் நோர்த் ஈஸ்ட் ஃபைஃப் தொகுதியில் இரண்டே இரண்டு வாக்கு. ஒரு கலியாண வீட்டில் ஒரு மேசையில் இருக்கிற ஆட்களைவிடக் குறைவு. இப்படியான இடத்தில் மஞ்சள் கோடு போட்ட ஒரு படத்தைப் பார்த்துவிட்டா போய்ப் போடுவது?

எங்கள் தொகுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். விடிய ஐந்து மணிக்குக் கடை வாசலில் பேப்பர் கட்டுகள் கிடக்கும். குளிரில் பிளாஸ்டிக் நாடா விறைத்திருக்கும், கத்தியை வைத்தால் 'டக்' என்று தெறிக்கும். நவம்பர் 26ஆம் திகதி அப்படி நாடாவை அறுத்து டைம்ஸ் பத்திரிகையைத் தட்டில் வைத்தபோது முதல் பக்கத்தில் யூதர்களின் தலைமை மதகுரு. கோர்பின் தலைமையில் இருக்கும் லேபர் கட்சிக்குள் யூத வெறுப்பு நஞ்சு போல ஏறிவிட்டது என்கிறார். ஏழு மணிக்கு ஸ்டான்மோரில் இருந்து வழக்கமாக வரும் அம்மா வந்தார். எழுபது வயதுக்கு மேல். பேப்பரை எடுத்தவர் காசு தராமல் அப்படியே நின்றார். "கோர்பின் வந்தால் நாங்கள் இங்கே இருக்கலாமா என்று என் மகன் கேட்கிறான்" என்றார். அவருக்கு என்ன பதில் சொல்வது? நான் லேபருக்குப் போட யோசிக்கிற ஆள். வாய் வரவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

அதே நாள் பின்னேரம் கென்டன் பக்கத்து குஜராத்திக்காரர் ஒருவர் தன் போனைக் காட்டினார். செப்டம்பரில் லேபர் மாநாட்டில் காஷ்மீர் பற்றித் தீர்மானம் போட்டார்கள் அல்லவா, அதைச் சொல்லி 'இது இந்துக்களுக்கு எதிரான கட்சி, ஒரு வாக்கும் போடாதே' என்று சுற்றி வருகிற செய்தி. நானும் இந்துதான், வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன்தான். அந்தச் செய்தியைப் பார்த்ததும் எங்கள் மண்டபத்து மஞ்சள் கோடுதான் நினைவுக்கு வந்தது. எல்லா இடத்துக் காயத்தையும் யாரோ தேடிப் பிடித்து அதில் விரலை வைக்கிறார்கள்.

ஆனால் ஸ்டான்மோர் அம்மாவின் பயத்தை இந்தச் செய்தியோடு ஒரே தராசில் வைக்க மாட்டேன். அவருடைய பயம் உண்மையானது. கட்சியைப் பற்றிச் சமத்துவ மனித உரிமை ஆணைக்குழுவே விசாரணை தொடங்கியிருக்கிறது. கோர்பின் பல வருடமாக எங்களுக்காகக் குரல் கொடுத்தவர், நன்றி மறக்கவில்லை. ஆனால் எங்களுக்கு நல்லவர் என்பதற்காக அந்த அம்மாவின் பயத்தை இல்லை என்று சொல்ல என்னால் முடியாது. இதைச் சொன்னால் இப்போது லேபர்க்காரத் தம்பிமாரும் என்னுடன் கோபிப்பார்கள். கோபியுங்கள்.

அப்புறம் ஏன் லேபருக்கு என்று கேட்பீர்கள். என் கடையில் எட்டு வருடமாக வேலை செய்யும் ருமேனியப் பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் போட அவர் விரும்பமாட்டார். 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகுவதா என்ற சர்வஜன வாக்கெடுப்பு முடிந்த அடுத்த நாள், அவர் கல்லாவில் நிற்கும்போதே ஒரு வாடிக்கையாளர் "எப்போது மூட்டை கட்டுகிறாய்?" என்று கேட்டார். தினமும் வருகிற மனிசன். இந்த வருடம் அந்தப் பெண் இங்கே தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தது. அதற்கான அப் அவருடைய ஐபோனில் வேலை செய்யவில்லை, என் போனைக் கொடுத்தேன். கல்லா மேசையில் பாஸ்போர்ட்டை வைத்து அதன் மேல் போனை வைத்தோம். சிப்பை வாசிக்கவில்லை. கவரைக் கழற்றி வைத்தோம், வாசிக்கவில்லை. மூன்றாம் முறை பச்சைச் சரி வந்தபோது அவர் விரல் நடுங்கியது. எனக்கு அந்த நடுக்கம் தெரியும். 1996இல் வந்து, வருடக்கணக்காகக் கடிதத்துக்குக் காத்திருந்து, கதவில் தபால் விழும் சத்தம் கேட்டாலே வயிறு கலங்கியவன் நான்.

இன்னொன்று. அவருக்கு இந்தத் தேர்தலில் வாக்கில்லை. எட்டு வருடம் வரி கட்டியவருக்கு இல்லை. ஆனால் என் அக்காவின் மகன் படிக்கிற வீசாவில் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது, இலங்கை பாஸ்போர்ட், அவனுக்கு வாக்கு இருக்கிறது. இலங்கையும் இந்தியாவும் கொமன்வெல்த், ருமேனியா இல்லை, அதுதான் காரணம். வெள்ளைக்காரன் எங்களை ஆண்ட கணக்கில் எங்களுக்கு வந்த உரிமை. அதைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிற வாக்கில்லாத மனிசியைப் பார்க்காமல் போட என் மனசு விடவில்லை. 'பிரெக்சிட்டை முடிப்போம்' என்கிறார் ஜோன்சன். யாரை வைத்து, யாருடைய வாழ்க்கையில் முடிப்பது? லேபர் புதிதாக ஒப்பந்தம் பேசி, திரும்பச் சனத்திடமே கேட்போம் என்கிறது. குழப்பமான கொள்கைதான். ஆனால் கேட்போம் என்கிறார்கள்.

"2009இல் இங்கே ஆட்சியில் இருந்தது யார்?" இதைத்தான் சனிக்கிழமை என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். லேபர்தான். கோர்டன் பிரவுன் பிரதமர். நாடாளுமன்றச் சதுக்கத்தில் 73 நாள் நின்றோம். என் மகளுக்கு அப்போது எட்டு வயது, பள்ளிக்கூடம் விட்டு நேரே கூட்டிக்கொண்டு போவேன். பதாகையைப் பிடித்தபடியே என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிடுவாள். வெளிவிவகார அமைச்சர் மிலிபாண்ட் ஏப்ரல் கடைசியில் கொழும்புக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பினார். என் மாமா குடும்பம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இதை எனக்கு நினைவூட்ட ஒருவர் வேண்டுமா?

கொன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கமரன் 2013இல் யாழ்ப்பாணம் போனார், உண்மை. சுதந்திரத்துக்குப் பிறகு வடக்குக்குப் போன முதல் வெளிநாட்டு அரசாங்கத் தலைவர் அவர்தான். அன்று நானும் கை தட்டினேன். ஆனால் அதே அரசாங்கம் எங்கள் பிள்ளைகளைத் தனி விமானம் பிடித்து இலங்கைக்கு ஏற்றி அனுப்பியதையும், 2013 பெப்ரவரியில் நீதிமன்றம் தடுக்க வேண்டி வந்ததையும் ஏன் ஒருவரும் சொல்வதில்லை? அதைவிட ஒன்று கேட்கிறேன். 2009இன் கணக்கை ஹரோவில் தீர்க்க வேண்டுமென்றால் எந்தக் கட்சிதான் மிஞ்சும்?

"லிபரல் டெமோக்கிராட்டுக்குப் போடலாமே" என்கிறீர்கள். எங்கள் தொகுதியில் அவர்கள் வெல்லப்போவதில்லை. அவ்வளவுதான்.

2015இல் ஹரோவில் நான்கு நூலகங்களை மூடினார்கள். அதில் ஒன்றுதான் என் மகள் வளர்ந்த நூலகம். சனிக்கிழமைகளில் நான் கடையில் நிற்க, அவள் அங்கே இருப்பாள். கடைசி நாள் ஒரு பை நிறையப் புத்தகம் எடுத்து வந்து "இதையெல்லாம் எங்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது அப்பா?" என்று கேட்டாள். மூடியது லேபர் கையில் இருந்த உள்ளூர் கவுன்சில்தானே என்று எழுத இப்போதே விரலைத் தூக்கியிருப்பீர்கள். லேபர் கவுன்சில்தான். கவுன்சிலுக்கு வரும் காசை வருடா வருடம் வெட்டியது யார்? யாழ்ப்பாணத்தானுக்கு நூலகம் என்றால் என்ன என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1981இல் யாழ் நூலகம் எரியும்போது எனக்குப் பதினொரு வயது. காலையில் காகிதச் சாம்பல் பறந்துவந்து எங்கள் முற்றத்தில் விழுந்தது. இங்கே யாரும் நெருப்பு வைக்கவில்லை, தெரியும், இரண்டும் ஒன்றல்ல. ஆனாலும் பூட்டிய கதவின் முன்னால் என் பிள்ளை பையோடு நின்றதைப் பார்த்தவன் நான்.

துரோகி என்ற சொல்லுக்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று உங்களுக்கும் தெரியும் அண்ணை. அந்தச் சொல்லுக்குப் பிறகு விளக்குக் கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்கள் எத்தனை பேரைப் பார்த்தோம். என் வகுப்பில் படித்தவனை அப்படிப் பார்த்தேன். அதிலிருந்து தப்பி இவ்வளவு தூரம் வந்து, பென்சிலால் ஒரு புள்ளடி போடுகிற விஷயத்துக்கு அதை என் மீது எறிந்தீர்கள். முன்வரிசையில் என் மகள் இருந்தாள். வீட்டுக்கு வந்து "அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் அப்பா?" என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். அகராதிப் பொருளை அவள் கேட்கவில்லை.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது, இதுதான் முதல் வாக்கு. யாருக்குப் போடப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இரண்டு வாக்காளர் அட்டையும் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கிறது.

வியாழக்கிழமை கடையை அந்த ருமேனியப் பெண்தான் திறப்பார், அவரே கேட்டு வாங்கிய ஷிஃப்ட். நானும் மகளும் ஏழு மணிக்கே போகிறோம், இருட்டாகத்தான் இருக்கும். எட்டு மணிக்குள் கடைக்கு வந்துவிடுவேன். அண்ணை, உங்களுடைய பேப்பரை வழக்கம்போலக் கல்லாவுக்குக் கீழே எடுத்து வைத்திருப்பேன். வந்து வாங்குங்கள்.